நிரம்ப நேரம் வேண்டும்

எக்கோ அறைக்குள் போகிறவர்களிடம், வாசலில் டோக்கன் கூப்பிடும் அட்டெண்டர் அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள்: "உள்ள இருக்கறவங்க கொஞ்சம் சத்தம் போடுவாங்க. மனசுல வச்சுக்காதீங்க. கை நல்ல கை."

பொய்யில்லை. பதினாறு வருடமாக அந்த இருட்டறையில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு இருபது இதயங்களைத் திரையில் பார்க்கிறவள் அவள். மருத்துவமனையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டரேகூட, அவள் அளந்து எழுதிய எண்ணை இரண்டாவது முறை சரிபார்க்க மாட்டார். அந்த அளவுக்குக் கை சுத்தம். வாய்தான் அப்படி.

அவளுக்குக் கோபம் நோயின் மேல் இல்லை, தாமதத்தின் மேல்தான். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாலு தலையணையில் சாய்ந்தபடி தூங்குகிற நிலைக்கு வந்த பிறகுதான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கூட வந்த மகனையோ கணவனையோ நிற்க வைத்துப் பிடிபிடியென்று பிடிப்பாள். "இவ்வளவு நாளா வீட்டுல எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? கண்ணு இருந்துச்சா இல்லையா?" என்பாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் உண்டு.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். பதினாறாம் டோக்கன்காரர் எழுந்து போயிருந்தார். அவருடைய எண்களைத் தட்டி முடிக்கும்போது கதவு திறந்து மூடியது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மேல போட்டிருக்கறதைக் கழட்டிட்டு, அந்தக் கவுனை முன்பக்கம் திறந்த மாதிரி மாட்டிக்கிட்டு, இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க."

துணி சரசரக்கிற சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. ஜெல் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். படுத்திருந்தது அவளுடைய தங்கை.

"நீ எங்கடி இங்க?"

"டோக்கன் பதினேழு" என்றாள் தங்கை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரிசையில நிக்க வேண்டாமே."

"வரிசையில நின்னுக்கலாம்னுதான் வந்தேன். எடு."

தங்கைக்கு முப்பத்தாறு வயது. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து வாரித் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்துகிற கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனைக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தாள். தங்கையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவள் அதை எடுக்கவே இல்லையாம். இடது பக்கம் திரும்பச் சொல்லி மறுபடி வைத்தாளாம். பிறகு ஒன்றும் பேசாமல், எக்கோ எடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தச் சீட்டு மேஜைமேல்தான் இருந்தது. அக்காள் இப்போதுதான் அதைப் படித்தாள். படித்ததுமே அந்தச் சின்ன டாக்டர் மேல் காரணமில்லாமல் ஓர் எரிச்சல் வந்தது. நேற்று வந்தவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் படம் விழுந்தது. ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு. மூன்றாவது துடிப்பில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தாள். கோணம் மாற்றி, ரத்த ஓட்டத்துக்கு நிறம் போட்டு, அதன் இரைச்சலைக் கேட்டு, அளந்து, அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். எண் மாறவில்லை.

ஒவ்வொரு நோயாளியிடமும் மூச்சை இழு, விடு, பிடி என்று ஓயாமல் பேசுகிறவள் வாயைத் திறக்காமல் இருந்ததே தங்கைக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன?"

"டாக்டர் சொல்லுவாரு."

"நீ சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுடி. படம் எடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது. அதுதான் இங்க விதி."

"உனக்கு ஒன்னுமில்ல, உனக்கு ஒன்னுமில்லன்னு ரெண்டு வருஷமா எல்லாரும் சொன்னப்ப எந்த விதியும் குறுக்க வரலையே" என்றாள் தங்கை. இந்த ஒரு வாக்கியத்துக்கே நடுவில் நிறுத்தி ஒரு தரம் மூச்சு வாங்கினாள். "அந்தத் திரையை என் பக்கம் திருப்பு."

அக்காள் திருப்பினாள். பதினாறு வருடத்தில் ஒருவருக்கும் அப்படித் திருப்பியதில்லை.

"நம்ம நெஞ்சுக்குள்ள நாலு ரூம் உள்ள ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்க..." என்று ஆரம்பித்தாள். பயிற்சிக்கு வரும் பெண்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரி அது.

"கதை வேண்டாம். இருக்கறதைச் சொல்லு."

அக்காள் விரலைத் திரையில் வைத்தாள்.

"மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. உடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற ரத்தம் வலது பக்கம் வரும். அந்தப் பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பும். அங்க காத்து வாங்கிக்கிட்டு இடது பக்கம் வரும். இதோ, இதுதான் இடது மேலறை. அதுக்கும் கீழறைக்கும் நடுவுல ஒரு வால்வு. ரெண்டு இதழ், ஆடுது பாரு. கீழறை தளர்ந்து விரியுறப்ப இது திறக்கும், ரத்தம் தானா இறங்கும். கடைசியில மேலறை ஒரு அழுத்து அழுத்தி மிச்சத்தையும் இறக்கிடும். அப்புறம் கீழறை சுருங்கும். சுருங்கின உடனே இந்த வால்வு மூடிக்கும், ரத்தம் திரும்பி மேல போயிடக் கூடாதுன்னு. லப்புனு கேக்குதே, அது இது மூடுற சத்தம். இது மூடினதும் அந்தப் பக்கம் இன்னொரு வால்வு திறந்து, ரத்தம் உடம்புக்குப் பாயும். பாய்ஞ்சு முடிஞ்சதும் அது மூடும். அது டப். அவ்வளவுதான் ஒரு துடிப்பு. ஒரு நொடிகூட ஆகாது."

"என்னுது?"

"உன்னுது..." அக்காள் படத்தைப் பெரிதாக்கினாள். "இதழ் ரெண்டும் ஓரத்துல ஒட்டிக்கிச்சு. ரெண்டு விரல் நுழையற அளவு திறக்கணும். உனக்கு ஒரு பென்சில் நுழையற அளவுதான் திறக்குது. கீழறை நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் சுருங்குது. ஆனா அதுக்கு வந்து சேர வேண்டியது வந்து சேரல. மேலறை பாரு, தள்ளித் தள்ளி எவ்வளவு பெருசாயிடுச்சு."

"சும்மா உக்காந்திருந்தா ஒன்னும் தெரியறதில்லையே. படி ஏறினா, வண்டி தள்ளினா மட்டும் ஏன்?"

நல்ல கேள்வி. பயிற்சிப் பெண்கள்கூட இதைக் கேட்பதில்லை.

"ரெண்டு துடிப்புக்கு நடுவுல இதயத்துக்கு ஒரு ஓய்வு உண்டு. அந்த ஓய்வுலதான் கீழறை ரொம்பும். நீ படி ஏறினா துடிப்பு வேகமாகும். வேகமானா சுருங்குற நேரம் அவ்வளவா குறையாது, ஓய்வுதான் குறையும். உனக்கு வழியும் சின்னது, இருந்த நேரமும் போச்சு. ரத்தம் இறங்க முடியாம மேலயே தேங்கி நிக்கும். நுரையீரல் வரைக்கும் தேங்கும். அதான் மூச்சு வாங்குது."

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதழ்கள் இரண்டும் திறக்கப் பார்த்து, முடியாமல், வளைந்து வளைந்து நின்றன.

"அப்ப நான் சோம்பேறி இல்ல" என்றாள்.

அந்தப் பேச்சு அக்காளுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காதபோது அவளுக்கு வரத் தெரிந்தது ஒன்றுதான். "ஏன்டி இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லல? சொந்த அக்கா இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழறா, உனக்கு வாயில என்ன..."

"சொன்னேன்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சிலிருந்த ஜெல்லைக் காகிதத்தால் துடைத்தபடி, அவசரமில்லாமல் பேசினாள். அவசரமாகப் பேச அவளால் முடியாது.

"போன வருஷம் உன் வீட்டுக்கு வந்தப்ப சொன்னேன். நீ வெங்காயம் நறுக்கிட்டிருந்தே. மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னேன். இரும்புச்சத்து கம்மியா இருக்கும், மாத்திரை வாங்கிச் சாப்பிடுன்னே. அப்புறம் பஸ் ஸ்டாப்புல ஒருநாள். பஸ் வந்துடுச்சு, ஓடுன்னே. என்னால ஓட முடியலன்னேன். நீ ஏறிப் போயிட்டே. மறுநாள் போன்ல, உடம்பை வளைச்சு வேலை செய்யாம உக்காந்தே இருந்தா இப்படித்தான் ஆகும்னு சொன்னே. நான் நாள் முழுக்க ஈரத் துணி தூக்கறவ. இன்னும் ஒரு தரம் இருக்கு. சொல்லட்டுமா?"

அக்காள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஊர்ல இருக்கறவங்க நெஞ்சையெல்லாம் பார்க்கறே" என்றாள் தங்கை. "என்னை ஒரு நாள், வாடி, அஞ்சு நிமிஷம் படு, பார்த்துடலாம்னு கூப்பிட்டியா?"

பெரிய டாக்டர் படங்களைப் பார்த்தார். சுருக்கமாகப் பேசுகிறவர். வால்வை அறுத்து மாற்ற வேண்டாம், தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனை வைத்து விரித்துவிடலாம் என்றார். வரிசை இருக்கிறது, ஆறு வாரம் ஆகும். அதுவரை துடிப்பை மெதுவாக்க ஒரு மாத்திரை, நீர் இறங்க ஒரு மாத்திரை. பிறகு தங்கையிடம் கேட்டார்: "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"ஞாபகமில்ல டாக்டர்."

"வந்துச்சு" என்றாள் அக்காள்.

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தங்கைக்கு ஒன்பது வயது. தொண்டை வலி என்று இரண்டு நாள் படுத்தாள். அது போய்ச் சில நாளில் முழங்கால் வீங்கியது, அது வடிந்து கணுக்கால் வீங்கியது, பதினைந்து நாள் காய்ச்சல். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலையும் பாத்திரம் கழுவுகிற வேலையும் பன்னிரண்டு வயது அக்காள் தலையில் விழுந்தன. "பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா" என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்தது அவள்தான். அம்மாவும் நம்பி, காய்ச்சல் முழுதாக விடுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்தக் காய்ச்சல்தான் வால்வில் போய் உட்கார்ந்து, இத்தனை வருடம் மெல்ல மெல்ல இதழ்களை ஒட்ட வைத்திருக்கிறது. இதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. தேதியை மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. ஐம்பத்துநாலு படி. லிஃப்ட் கிடையாது. தங்கையின் கணவருக்கு வேலை லிஃப்ட் மெக்கானிக் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு அந்த வேடிக்கையை நினைக்கையில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அப்போதுதான் வந்து, கிரீஸ் கையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"தம்பி, உங்க லிஃப்ட்டுல பாரம் ஏறிப்போனா என்ன ஆகும்?"

"நகராது. மணி அடிக்கும்."

"இந்த வீட்டுல ஒருத்தி ரெண்டு வருஷமா ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு ஏறியிருக்கா. உங்களுக்கு எந்த மணியும் கேக்கலையா?"

அவர் முகம் சுருங்கியது. "நான் முன்னாடி ஏறிடுவேங்க்கா. பையெல்லாம் என் கையில இருக்கும். கதவைத் திறந்து வச்சிட்டு நிப்பேன். அவ மெதுவா வருவா."

"ஏன் மெதுவா வர்றான்னு ஒருநாள் திரும்பிப் பார்த்திருக்கீங்களா?"

"கேட்டேங்க்கா. டாக்டர்கிட்டயும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். பதட்டம்னு சொன்னாரு. மனசை லேசா வச்சுக்கச் சொன்னாரு. நான் எட்டாவது. அவர் படிச்சவரு. அவர் சொன்னதை நம்பினேன்."

"இவளை நம்பியிருக்கலாமே."

அவள் விடவில்லை. விட முடியவில்லை. மேலும் பேசினாள். ஆம்பளைகள் என்று ஆரம்பித்து அவருடைய அம்மா வரைக்கும் போனாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியையே பார்த்தபடி நின்றார். உள்ளறையிலிருந்து தங்கை வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"போதும். நான் இல்லாத மாதிரி என்னைப் பத்தி ரெண்டு பேரும் பேசாதீங்க." கணவரைப் பார்த்தாள். "கீழ் வீடா ஒன்னு பாருங்க. இந்த மாசமே." பிறகு அக்காளைப் பார்த்தாள். "அவரைத் திட்டிட்டா உனக்குக் கணக்கு சரியாயிடுமா? நீ கிளம்பு."

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் அவள், பதட்டம் என்று சொன்ன அந்த டாக்டருடைய கிளினிக்குக்குப் போனாள். தெருமுனையில் இரண்டு அறை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையை மதிக்காமல் உள்ளே நுழைந்து, எக்கோ ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து வைத்தாள். டாக்டர் அறுபதை நெருங்குகிறவர், சாதுவான முகம். அவருக்குப் பின்னால் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஸ்டெதாஸ்கோப்பும் தொங்கியது.

"படிங்க" என்றாள்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எங்க தங்கச்சி. ரெண்டு வருஷமா உங்ககிட்ட வந்திருக்கா. ஒரு தரமாவது அதை ஆணியில இருந்து எடுத்து அவ நெஞ்சுல வச்சிருக்கீங்களா?"

"அவங்க வரும்போதெல்லாம் அழுவாங்கம்மா. மூச்சு வாங்குதுன்னு சொல்லி அழுவாங்க. தூக்கமில்லன்னு சொல்லுவாங்க. பார்த்தா மனக்கவலை மாதிரிதான் தெரிஞ்சுது."

"மூச்சு முட்டினா தூக்கம் எங்க வரும்? படுத்தா முட்டுதான்னு கேட்டீங்களா? அழுதா பதட்டம், அழலேன்னா நடிப்பு. ஒரு பொம்பளை எப்படி வந்து சொன்னாத்தான் உங்களுக்கு நோய்னு தோணும்?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார், பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்:

"நீங்கதானே அங்க எக்கோ எடுக்கறது? உங்ககிட்ட அவங்க ஒருதரமும் சொல்லலையாம்மா?"

இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டாள். என்ன சொன்னாள் என்று பிறகு யோசித்தபோது ஒரு வார்த்தைகூட நினைவில்லை. ரிப்போர்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆள் கேட்டது சரி. அவர் கேட்டது சரி என்பதால் அவர் செய்தது சரியாகிவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் நின்றுகொண்டு ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் முறைத்தன. இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள்.

ஆறு வாரமும் தங்கை அவளுடன் பேசவில்லை. போன் செய்தால் கணவர்தான் எடுப்பார். "மாத்திரை சாப்பிடறா, கொஞ்சம் பரவாயில்லக்கா" என்பார். அவள் கத்தியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, சாமானையெல்லாம் அவரே சுமந்து இறக்கியிருந்தார். ஒரு சாமானைத் தொடத் தங்கையை விடவில்லையாம்.

பலூன் வைக்கும் நாளுக்கு முந்தின மதியம் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"நாளைக்கு உள்ள எக்கோ பார்க்க நீங்க வேண்டாம். உங்ககிட்ட எக்கோ கத்துக்கிட்ட அந்தச் சின்னப் பொண்ணு வரட்டும்."

"ஏன் டாக்டர்? அவளுக்கு அனுபவம் பத்தாது."

"உங்க தங்கச்சி கேட்டுக்கிட்டாங்க. எங்க அக்கா வேண்டாம்னாங்க."

அவள் "சரி" என்றாள். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தங்கையை உள்ளே கொண்டுபோனார்கள். அக்காள் தன் அறையில் உட்கார்ந்து டோக்கன்களைக் கூப்பிடச் சொன்னாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு நிமிஷம் நிமிஷமாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நல்லது. இப்போது தொடைச் சிரையில் குழாய் நுழைந்திருக்கும். இப்போது வலது மேலறைக்கு வந்திருக்கும். இப்போது இரண்டு மேலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஊசியால் துளைப்பார்கள், கொஞ்சம் தவறினாலும் ஆபத்தான இடம். பிறகு வால்வுக்கு நடுவில் பலூனை நிறுத்தி ஊதுவார்கள். ஊதுகிற அந்த இரண்டு மூன்று நொடி வாசல் முழுதும் அடைபட்டிருக்கும், ஒரு சொட்டு இறங்காது. ஒட்டியிருந்த ஓரங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஓரம் கிழியாமல் இதழ் கிழிந்துவிட்டால் நெஞ்சைத் திறந்தாக வேண்டும்.

பதினொரு பேரைப் பார்த்தாள். ஓர் எண்ணும் தவறவில்லை. ஐந்தாவதாக வந்த பெரியவருக்குக் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. கூட வந்த மகன் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான். அவள், "உக்காருங்க தம்பி" என்றாள். அன்று அவள் ஒருவரையும் திட்டவில்லை. அட்டெண்டர் அம்மா பயந்துபோய், டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தார். "வால்வு திறக்கற அளவு ரெண்டுகிட்ட வந்துடுச்சு. ஒன்னுக்குக் கீழ இருந்தது. கசிவு பெருசா இல்ல. நல்லா விரிஞ்சு கொடுத்துச்சு." அவளுக்கு எண்ணே போதும் என்று அவருக்குத் தெரியும். அவர் போன பிறகு அவள் எழுந்து கதவைத் தாழ் போட்டாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள். சத்தமாகவே திட்டினாள். பன்னிரண்டாம் டோக்கன் வெளியே காத்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. தங்கையின் குரல்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்தக் கிளினிக்குக்கு வா."

"எதுக்குடி?"

"வா."

போனாள். தங்கை வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே போனாள். அக்காள் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றாள். டாக்டர் இருவரையும் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க டாக்டர்" என்றாள் தங்கை. "அதை எடுத்து என் நெஞ்சுல வச்சுக் கேளுங்க."

அவர் ஆணியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். காதில் மாட்டினார். வைத்தார்.

"அவசரமில்ல. நல்லா கேளுங்க. இப்படித் திரும்பினா இன்னும் நல்லா கேக்குமாம்." அவளே இடது பக்கம் சாய்ந்து கொடுத்தாள்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"மெல்லிசா ஒரு சத்தம் இன்னும் இருக்கும்மா" என்றார் கடைசியில்.

"விரிச்சு விட்ட பிறகே மெல்லிசாக் கேக்குது. அப்ப எப்படிக் கேட்டிருக்கும்?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காது சிவந்திருந்தது. "தப்புதாம்மா" என்றார். "சாக்குச் சொல்லல. தப்பு."

"என் கார்டை எடுங்க."

அலமாரியிலிருந்து எடுத்தார். பழுப்பு நிற அட்டை, இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. தங்கை ஒவ்வொரு தேதியாக விரலை வைத்தாள். பதட்டம். பதட்டம். மனச்சோர்வு. பதட்டம்.

"இதையெல்லாம் அடிச்சிட்டு, என்ன நோய்னு எழுதுங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

"பழைய குறிப்பை மாத்தறது..."

"மறைக்கச் சொல்லல. தெரியற மாதிரி ஒரு கோடு போதும்."

ஒன்பது இடம். ஒன்பது இடத்திலும் அவர் கோடிட்டு, எழுதி, கையெழுத்துப் போடும் வரை தங்கை நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒன்பதாவதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. பஸ் நிறுத்தம் மேட்டின்மேல் இருந்தது. அக்காள் தயங்கித் தயங்கி, "போதுமா?" என்று கேட்டாள்.

"போதாது" என்றாள் தங்கை, நடக்க ஆரம்பித்தபடி. "அவராவது தப்புன்னு சொன்னாரு. நீ இன்னும் சொல்லல. மூணு தரம் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக் கொடுத்து அனுப்பினே. ஆப்பிள் கேட்டேனா நான்? சின்ன வயசுல இருந்து உனக்கு இதே வேலை. நீ தப்பு பண்ணினா அடுத்தவங்களைப் பிடிச்சுக் கத்துவே. அன்னைக்கு எங்க வீட்டுக்காரரை நிக்க வச்சுக் கத்தினே, அந்த மனுஷன் மூணு நாள் சாப்பிடல. முழங்கால் வீங்கினப்ப அம்மாகிட்ட நடிக்கிறான்னு சொன்னியே, அது எனக்கு ஞாபகமில்லன்னு நினைச்சியா? டாக்டர் கேட்டப்ப வேணும்னேதான் ஞாபகமில்லன்னேன், நீ சொல்றியான்னு பார்க்க. தேதி சொன்னே. தேதியைக் கேட்டாங்களா? அப்புறம் அந்த வெங்காயம்..."

"தப்புதான்டி" என்றாள் அக்காள்.

"நடுவுல பேசாதே. இன்னும் முடியல."

மேட்டில் ஏறிக்கொண்டே திட்டினாள். பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள், மறந்துபோன பிறந்த நாளைச் சொன்னாள், கல்யாணத்தில் அக்காள் எடுத்துக்கொண்ட பச்சைப் புடவையைக்கூட விடவில்லை. பாதி மேடு தாண்டியது. முழு மேடும் தாண்டியது. அக்காளுக்குத்தான் மூச்சு வாங்கியது. தங்கை ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஒரு வாக்கியத்தையும் நடுவில் விடவில்லை. அக்காளுக்குத் தொழில் புத்தி. திட்டைக் கேட்டுக்கொண்டே நேரத்தையும் பார்த்துக்கொண்டாள். பதினோரு நிமிடம்.

பஸ் வந்தது. தங்கை ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னும் மிச்சம் இருக்கு. வீட்டுக்குப் போய் போன் பண்றேன். எடு."

"எடுக்கறேன்."

அக்காள் வீடு வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் போன் அடித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு எடுத்தாள்.